கைமாறிய சாம்ப்ளர்: ஒலியைச் சேமித்த கீபோர்டுகளின் வரலாறும் அவற்றை வாங்குவோர் ஏற்கும் பொறுப்பும்

பழைய இசைக்கருவிகள் கைமாறும் சந்தையில் ஒரு வகைக் கீபோர்டு மட்டும் தனித்து நிற்கிறது. மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரியும். கட்டையை அழுத்தினால் ஓசை எழாது. அது பழுதன்று. அக்கருவிக்கெனச் சொந்த ஓசை ஏதும் கிடையாது என்பதே காரணம். ஒரு ஃபிளாப்பி வட்டைச் செருகி, அதிலுள்ள ஒலிப்பதிவு நினைவகத்துக்குள் ஏறும்வரை காத்திருந்தால்தான் அது வாய் திறக்கும். புல்லாங்குழலோ, கதவு அறையும் சத்தமோ, யாரோ ஒருவரின் இருமலோ, எது பதிவாகியிருக்கிறதோ அதுவே அதன் குரல். இசைத்துறையில் இதற்குச் சாம்ப்ளர் என்று பெயர்.

இன்று ஒரு சாதாரண மடிக்கணினி இந்தக் கருவிகள் அனைத்தும் சேர்ந்து செய்ததைக் காட்டிலும் பன்மடங்கு செய்கிறது. ஆயினும் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய சாம்ப்ளர்களைத் தேடி வாங்குவோர் குறையவில்லை. இதைப் பழமைப் பற்று என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஆனால் அக்கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் ஒவ்வொரு நடைமுறைக் கேள்விக்கும் பின்னால் ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. வட்டின் அளவு, நினைவகத்தின் கொள்ளளவு, திரையில் தெரியும் இலக்கங்கள் ஆகிய யாவும் ஒலியை யார் உடைமையாக்கிக் கொள்ளலாம், யார் ஆக்கிக் கொள்ள முடியாது என்ற பழைய கணக்கின் எச்சங்கள்.

நாடாவிலிருந்து நினைவகத்துக்கு

பதிவான ஒலியைக் கட்டைகளின்மேல் பரப்பி வாசிக்கும் எண்ணம் கணினிக்கு முந்தியது. 1948-இல் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷெஃபர், ரயில் முதலான நடைமுறை ஓசைகளின் பதிவுகளையே இசைக்கான மூலப்பொருளாகக் கொண்டார். தொடர்ந்து அவருடைய குழு உருவாக்கிய ஃபோனோஜென் என்னும் கருவியின் ஒரு வடிவத்தில் பன்னிரண்டு கட்டைகள் இருந்தன. ஒவ்வொரு கட்டையும் நாடாவை ஒவ்வொரு வேகத்தில் ஓட்டியது. வேகம் மாறினால் சுருதி மாறும் என்ற எளிய உண்மைமேல் அக்கருவி நின்றது.

அமெரிக்காவில் ஹாரி சேம்பர்லின் 1940-களின் இறுதியில் வேறு வழியைப் பிடித்தார். கட்டை ஒவ்வொன்றின் கீழும் தனித்தனி நாடாத் துண்டு. அந்தச் சுரத்தை அந்த இசைக்கருவியில் ஒருவர் வாசிக்க, அது அப்படியே பதிவாகியிருக்கும். இவ்வடிவமைப்பின் வழிவந்த மெல்லட்ரான் 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் விற்பனைக்கு வந்தது. ஒரு நாடாத் துண்டு ஏறத்தாழ எட்டு நொடி ஓடும். விரலை எடுத்தால் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். 1967-இல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர் பாடலின் தொடக்கத்தில் கேட்கும் புல்லாங்குழல் இக்கருவியினுடையது.

இங்கிலாந்தின் இசைக்கலைஞர் சங்கம் இக்கருவி குறித்துக் கவலை தெரிவித்தது. அக்கவலையை வெறும் புதுமை வெறுப்பாகக் கொள்ள இயலாது. ஒருநாள் ஊதியத்துக்கு ஊதிய ஒரு சுரம், அதன்பின் எத்தனை மேடைகளில், எத்தனை பதிவகங்களில் ஒலித்தாலும் ஊதியவருக்கு மேலும் ஒரு காசும் சேராது. சாம்ப்ளர் பற்றிய பிற்கால விவாதங்கள் அனைத்துக்கும் வித்து இங்கேயே ஊன்றப்பட்டுவிட்டது.

வீட்டு விலைக்கு ஒரு கருவி

ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்து வாசிக்கும் கருவிகளுள் பெரும்புகழ் பெற்றது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபேர்லைட் சி.எம்.ஐ. அதன் அடிப்படை டோனி ஃபர்ஸ் வடிவமைத்த முந்தைய கணினிக் கருவியிலிருந்து வந்தது. இருவரும் முதலில் நாடியது ஒலிப்பதிவை அன்று. இசைக்கருவியின் ஓசையைக் கணிதத்தால் கட்டமைக்க முயன்றனர். அம்முயற்சி எதிர்பார்த்த உயிர்ப்பைத் தரவில்லை. வானொலியில் ஒலித்த பியானோவின் ஒரு சிறு துணுக்கைப் பதிவுசெய்து வெவ்வேறு சுருதியில் ஒலிக்கச் செய்தபோது, அது கணிதத்தால் கட்டிய ஓசைகளை விஞ்சி நின்றது. குறுக்குவழியாகத் தொடங்கியதே கருவியின் முதன்மைப் பயனாயிற்று.

1979-இல் வெளிவந்த முதல் ஃபேர்லைட்டில் எட்டுக் குரல்கள். குரல் ஒவ்வொன்றுக்கும் 16 கிலோபைட் நினைவகம். இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பல நூறு மடங்கு இடம் கொள்ளும். ஆயினும் அதன் விலை அன்று ஒரு வீட்டின் விலையோடு ஒப்பிடத்தக்கது. பீட்டர் கேப்ரியல், கேட் புஷ் போன்ற புகழ்பெற்ற கலைஞர்களும் பெரும் பதிவகங்களுமே அதை வாங்க முடிந்தது.

1980-இல் அமெரிக்காவில் நடந்த ஒலிப் பொறியியல் மாநாட்டில் ஃபேர்லைட்டைக் கண்ட ஈ-மு நிறுவனத்தார், குரலுக்கொரு நினைவகம் என்ற ஏற்பாடே செலவை ஏற்றுகிறது என்று கண்டுகொண்டனர். எல்லாக் குரல்களும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பை டேவ் ரோஸம் வடிவமைத்தார். 1981-இல் வந்த எமுலேட்டரில் 128 கிலோபைட் நினைவகமும், 5.25 அங்குல வட்டும், இரண்டு நொடியை ஒட்டிய பதிவும் இருந்தன. விலை ஏறத்தாழ 8,000 முதல் 10,000 டாலர். 1984-இல் எமுலேட்டர் II வந்தது. 1986-இல் வெளிவந்த ஃபெர்ரிஸ் ப்யூல்லர்ஸ் டே ஆஃப் திரைப்படத்தில் பள்ளிக்கு மட்டம் போட்ட மாணவன், தான் நோயாளி என்று நம்பவைக்க இருமல் ஓசைகளை வாசிப்பது இக்கருவியில்தான். அக்காட்சியின் நகைச்சுவைக்குள் ஓர் உண்மையும் பொதிந்திருக்கிறது. சாம்ப்ளருக்கு இசைக்கும் இருமலுக்கும் வேறுபாடு தெரியாது.

மிராஜ்: சில்லும் சில்லறையும்

விலையின் மதிலை உடைத்தது என்சோனிக் மிராஜ். அந்நிறுவனத்தை 1982-இல் பென்சில்வேனியாவில் தொடங்கியவர்கள் இசைக்கருவி மரபிலிருந்து வந்தவர்களல்லர்; கமடோர் கணினி நிறுவனத்தில் சில்லு வடிவமைத்தவர்கள். அவர்களுள் ஒருவரான பாப் யான்னஸ், கமடோர் 64 கணினியின் ஒலிச் சில்லை உருவாக்கியவர். குரல்களை உருவாக்கும் சுற்று முழுவதையும் ஒரே சில்லுக்குள் அடக்கிவிடும் திறமை அவருக்கு வாய்த்திருந்தது. என்சோனிக்குக்காக அவர் வடிவமைத்த சில்லு, பின்னர் ஆப்பிள் நிறுவனத்தின் IIGS கணினியிலும் இடம்பெற்றது.

1984-85-இல் மிராஜ் 1,695 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 61 கட்டைகள், எட்டுக் குரல்கள், 8 பிட் பதிவு, 3.5 அங்குல வட்டு. வீட்டு விலைக்கு விற்ற ஒரு தொழில்நுட்பம் ஐந்தாறு ஆண்டுகளில் பழைய காரின் விலைக்கு இறங்கியது. ஜானெட் ஜாக்சனின் இசைத்தொகுப்புகளை உருவாக்கிய ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் இணை மிராஜைப் பயன்படுத்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

விலை குறைந்ததற்கு ஈடாக வேறொன்று கூடியது. ஃபேர்லைட்டில் திரையும், அதன்மேல் வரைவதற்கு ஒளிப்பேனாவும் இருந்தன. மிராஜில் இருந்ததோ இரண்டே இலக்கங்கள் காட்டும் சிவப்பு விளக்குப் பலகை. கருவியின் ஒவ்வோர் அமைப்புக்கும் ஓர் எண்; அதன் மதிப்புக்கு இன்னோர் எண். அம்மதிப்புகளுள் பல பதினாறடிமான எண் முறையில் அமைந்தவை. ஒன்பதுக்கு அப்பால் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும். இசைஞர் தம் ஓசையின் வடிவத்தைக் கண்ணால் காண இயலாது. எந்த எண்ணை எவ்வளவு நகர்த்தினால் என்ன கேட்கும் என்பதைக் காதாலும் கையேட்டாலும் கற்க வேண்டும். மொழியியலார் இதை எளிதில் அடையாளம் காண்பர். பெயர்ச்சொற்கள் இல்லாத ஒரு மொழி அது, எல்லாம் எண்பெயர்கள். அம்மொழியைப் பேசக் கற்றவர்கள் தங்களுக்குள் ஒரு சமூகமாயினர். கையால் எழுதிய எண் பட்டியல்கள் வட்டுகளோடு சேர்ந்தே கைமாறின.

இரண்டு நொடிக்குள் ஓர் உலகம்

மிராஜின் 128 கிலோபைட் ஒலி நினைவகம், கீபோர்டின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்குமாக 64 கிலோபைட் வீதம் பிரிந்திருந்தது. கணக்கு எளியது. 64 கிலோபைட் என்பது 65,536 எண்கள். ஒரு நொடியை 30,000 முறை அளந்தால் அந்த இடம் இரண்டு நொடி சொச்சத்தில் நிறைந்துவிடும். 10,000 முறை மட்டும் அளந்தால் ஆறரை நொடிக்கு இடம் உண்டு. ஆனால் அளக்கும் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் பதிவுசெய்ய இயலாது என்பது விதி. ஆகவே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அனைத்தும் இழப்பு.

அந்த இழப்பு என்ன என்பதை ஒலியனியல் மாணவர்கள் நன்கறிவர். உயிரொலிகளின் அடையாளம் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். 'ஸ' போன்ற உரசொலிகளின் ஆற்றலோ அதற்கு மேலேதான் குவிந்திருக்கிறது. ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் பழைய தொலைபேசியில் 'ஸ', 'ஃப' இரண்டும் ஒன்றுபோல் கேட்பது இதனாலேயே. குறைந்த வேகத்தில் பதிவான சாம்ப்ளர் ஒலியில் தாளத்தட்டின் மினுக்கும், வில் நரம்பில் உரசும் சீற்றமும், பாடகரின் மூச்சும் முதலில் மறைந்தன. எஞ்சியது சற்றே மங்கிய, திரண்ட ஓசை. அம்மங்கலையே பிற்காலத்தார் இதமான ஒலி என்று நாடலாயினர்.

வறுமை உத்தியை ஈன்றது. 1987-இல் வந்த ஈ-மு எஸ்.பி.-1200, கட்டைகள் இல்லாத தாளக் கருவி. அதன் மொத்தப் பதிவு நேரம் ஏறத்தாழ பத்து நொடி. அதை இயக்கிய ஹிப்-ஹாப் இசைஞர்கள் 33 சுழற்சி இசைத்தட்டை 45 சுழற்சியில் ஓடவிட்டுப் பதிவுசெய்தனர். பின்னர் கருவியில் சுருதியை இறக்கி இயல்பு வேகத்துக்குக் கொண்டுவந்தனர். குறைந்த இடத்தில் கூடுதல் இசை அடங்கியது. இறக்கும்போது ஏறிய கரகரப்பு ஒரு காலகட்டத்தின் கையெழுத்தாயிற்று. எந்தக் கலைஞரும் அக்கரகரப்பை வடிவமைக்கவில்லை. நினைவகத்தின் விலையே அதை வடிவமைத்தது.

1988-இல் அகாய் எஸ்-1000 பதினாறு பிட் தரத்தோடு வந்தது. 8 பிட்டில் ஓர் அளவைக்கு 256 படிகள்; 16 பிட்டில் 65,536. முந்தைய கருவிகள் ஒரே தலைமுறைக்குள் பழையனவாயின. தொழில்முறைப் பதிவகங்கள் கழித்தவை, வேறு கைகளுக்குச் சென்றன. என்சோனிக்கே 1988-இல் ஈ.பி.எஸ். என்ற கீபோர்டையும், 1992-இல் பதினாறு பிட் ஏ.எஸ்.ஆர்.-10-ஐயும் வெளியிட்டது. வூ-டாங் கிளான் குழுவின் ரிஸா, டிம்பலாண்ட், கான்யே வெஸ்ட் போன்றோரின் படைப்புகளோடு இவ்வரிசைக் கருவிகளின் பெயர் பிணைந்திருக்கிறது. பெரிய பதிவகமோ வாத்தியக் குழுவோ இல்லாத அறைகளில், பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகளைக் கொண்டு ஒரு புதிய இசைமொழி இக்கருவிகளில் கட்டப்பட்டது.

கட்டைக்கும் கமகத்துக்கும் இடையே

மெல்லட்ரானில் கட்டைக்கொரு பதிவு இருந்தது. எண்மச் சாம்ப்ளரில் நினைவகம் அரிதாகையால் ஒரே பதிவைப் பல கட்டைகளின்மேல் இழுத்துப் பரப்பினர். இங்கே ஒரு பெரும் சிக்கல் தோன்றியது. பதிவான ஒலியை வேகமாக ஓட்டினால் சுருதி மட்டும் உயர்வதில்லை. ஒலியின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒத்ததிர்வுகளும் கூடவே நகர்கின்றன. ஓர் ஆண் பாடும் 'ஆ'காரத்தின் முதல் ஃபார்மண்ட் 700 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். அதை ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு உயர்த்தினால் ஃபார்மண்ட்டும் ஒன்றரை மடங்காகி 1,050-க்குச் சென்றுவிடும். மனிதர் சுருதி உயர்த்திப் பாடும்போது அவருடைய தொண்டையும் வாயும் சுருங்கிவிடுவதில்லை. சாம்ப்ளரில் அவை சுருங்கிவிட்டன போலாகிறது. ஆடவர் குரல் சிறு பிள்ளையின் குரலாக ஒலிப்பது இதனாலேயே. இதைத் தவிர்க்க, சில சுரங்களுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பதிவுகள் வேண்டும். அதற்கு நினைவகம் வேண்டும். மீண்டும் விலைக் கணக்குக்கே வந்து நிற்கிறோம்.

இந்திய இசைக்கு வரும்போது சிக்கல் இரட்டிக்கிறது. கீபோர்டுக்கும் கமகத்துக்கும் உள்ள பிணக்கு இங்கே புதிதன்று. கட்டைகளின் நிலைத்த சுரங்கள் இந்திய இசையின் அசைவுகளுக்கு ஒவ்வா என்ற வாதத்தின் வலுவில் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. சாம்ப்ளர் இப்பிணக்கைத் தீர்த்துவிடும் என்று தோன்றலாம். வயலினில் வாசித்த ஒரு கமகத்தை அசைவோடு பதிவுசெய்யலாம் அல்லவா? பதிவுசெய்யலாம். ஆனால் அதை நான்கு சுரம் மேலே வாசித்தால் அசைவும் அதே விகிதத்தில் விரைந்துவிடும். கீழே வாசித்தால் தளர்ந்துவிடும். கமகத்தின் வேகம் ராகத்தையும் காலப்பிரமாணத்தையும் பொறுத்தது. சாம்ப்ளரிலோ அது கட்டையின் இடத்தைப் பொறுத்ததாகிறது. எனவே அசைவற்ற சுரத்தைப் பதிவுசெய்துவிட்டு, இடக்கையால் சுருதிச் சக்கரத்தை நெகிழ்த்தி அசைவைக் கைப்பழக்கமாக வாசிப்பதே பொருத்தமான வழி. பதிவு எவ்வளவு உயிர்ப்பாயிருந்தாலும் அசைவை வாசிப்பவரே தர வேண்டியிருக்கிறது.

தேர்வு: ஆறு கேள்விகள்

மேற்கண்ட வரலாற்றை மனத்தில் கொண்டால், பழைய சாம்ப்ளர் வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள் தாமே வரிசைப்படும்.

ஒன்று, வட்டு எது? எமுலேட்டர் II 5.25 அங்குல வட்டை ஏற்கும். மிராஜ், ரோலண்ட் எஸ்-50, கேசியோ எஃப்.இஸட்.-1 ஆகியவை 3.5 அங்குலம். அகாய் எக்ஸ்-7000, ரோலண்ட் எஸ்-10 போன்றவை 2.8 அங்குலக் குவிக் டிஸ்க்கை ஏற்பவை. அவ்வட்டைச் சுழற்றும் ரப்பர் பட்டை காலப்போக்கில் இளகிப் பிசினாகிவிடும். பட்டையை மாற்றலாம், வட்டு கிடைப்பதே அரிது. ஆகவே ஃபிளாப்பி இயக்கிக்குப் பதிலாக யு.எஸ்.பி. அல்லது நினைவக அட்டையை வைத்து இயங்கும் மாற்றுக் கருவி அந்தக் குறிப்பிட்ட மாதிரிக்குப் பொருந்துமா என்பதை முன்பே உறுதிசெய்வது நன்று.

இரண்டு, இயக்கமுறைமை எங்கே இருக்கிறது? மிராஜ், எஸ்-50, ஏ.எஸ்.ஆர்.-10 ஆகியவை தம் இயக்கமுறைமையையே வட்டிலிருந்துதான் ஏற்றிக்கொள்ளும். அவ்வட்டு இல்லாமல் விற்கப்படும் கருவியைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை. ஓசை வராத கருவி நல்லதா பழுதா என்பதை விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி முடிவுசெய்ய நேரும்.

மூன்று, நினைவகம் எவ்வளவு, அதை விரிக்க இயலுமா? ஏ.எஸ்.ஆர்.-10 பழைய கணினிகளில் இருந்த 30 முள் நினைவகச் சட்டங்களையே ஏற்று 16 மெகாபைட் வரை விரியும். தனக்கென்றே செய்யப்பட்ட விரிவாக்கப் பலகையை மட்டும் ஏற்கும் கருவியாயின், அது ஏற்கெனவே பொருத்தப்பட்டிருப்பது விலையில் பாதி பெறும்.

நான்கு, கட்டைகள் எப்படி உணர்கின்றன? ஈ.பி.எஸ்., ஏ.எஸ்.ஆர்.-10 கீபோர்டுகள் ஒவ்வொரு கட்டையின் அழுத்தத்தையும் தனித்தனியே உணரும். இன்றும் அரிதான வசதி அது. அதற்கான விலையும் உண்டு. மின்சாரம் கொடுத்ததும் அவை தம் கட்டைகளை அளவொப்பிட்டுக்கொள்ளும். அந்நேரத்தில் கட்டைமேல் விரலோ பொருளோ இருக்கலாகாது. அளவொப்பீட்டில் பிழை என்று திரை காட்டினால், கட்டைகளின் கீழுள்ள பகுதியைத் திறந்து சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டியிருக்கும்.

ஐந்து, மின்சாரம் எந்த நாட்டினுடையது? ஜப்பானில் விற்ற கருவி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட்டுக்கும் அமைந்தவை. இந்தியாவின் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருவி எரிந்துபோகும். உள்ளே மாற்றும் வசதி உண்டா, அன்றித் தகுந்த மின்மாற்றி வேண்டுமா என்று கண்டறிந்த பின்னரே பொத்தானைத் தொட வேண்டும். மின்தேக்கிகளின் கசிவு, மங்கிய திரை, உள்ளிருக்கும் மின்கலத்தின் அரிப்பு ஆகியவற்றையும் இத்தருணத்திலேயே பார்த்துவிடலாம்.

ஆறு, ஒலியைக் கண்ணால் காண இயலுமா? எஸ்-50-ஐத் தனித் திரையோடு இணைத்து அலைவடிவத்தைப் பார்க்கலாம். கேசியோ எஃப்.இஸட்.-1-இல் சிறு வரைகலைத் திரை உண்டு. மிராஜில் இரண்டு இலக்கங்கள் மட்டுமே. இவற்றுள் எது மேலானது என்பதற்குப் பொதுவான விடையில்லை. திரை உள்ளது வேலையை விரைவாக்கும். இலக்கம் மட்டும் உள்ளது காதைக் கூர்மையாக்கும். வாங்குவோர் தம் பொறுமையை அறிந்து தேர்வது நல்லது.

பயன்பாடு: கையும் காதும்

கருவி வீட்டுக்கு வந்தபின் முதல் வேலை புதிய ஒலியைப் பதிவுசெய்வதாக இருக்கலாகாது. காரணம் இறுதியில் வரும். பதிவுக்கு வரும்போது ஒலியின் அளவைச் சரிபார்ப்பதே பாதி வேலை. 8 பிட் கருவியில் மெல்லப் பதிந்தால் இரைச்சல் மேலெழும். உரக்கப் பதிந்தால் அலை உச்சியில் வெட்டுண்டு கரகரக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியைக் காதே காட்டும்.

அடுத்தது சுழல். இரண்டு நொடிப் பதிவை நீண்ட சுரமாக்க, அதன் நடுப்பகுதியில் ஒரு துண்டைத் தேர்ந்து மீண்டும் மீண்டும் ஓடவிட வேண்டும். துண்டின் தொடக்கமும் முடிவும் அலையின் சுழிநிலையில் ஒரே சாய்வில் அமையாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சொடுக்கு கேட்கும். மிராஜில் இதை எண்ணால் எண்ணாக நகர்த்தித் தேட வேண்டும். பிற்காலக் கருவிகள் இரு முனைகளையும் ஒன்றில் ஒன்று கரைத்துத் தரும். ஒரு நல்ல சுழலுக்கு ஒரு மாலைப்பொழுது செலவாகலாம். அப்பொழுதில் வாசிப்பவர் ஒரு சுரத்தின் உள்ளமைப்பை, அது எங்கே தொடங்கி எங்கே நிலைபெற்று எங்கே தேய்கிறது என்பதை, எந்தப் பாடநூலும் கற்பியாத நெருக்கத்தில் கற்றுக்கொள்கிறார். மென்பொருள் ஒரே சொடுக்கில் செய்வதை இவ்வளவு பாடுபட்டுச் செய்வதில் பயன் உண்டா என்ற கேள்விக்கு இதுவே தகுந்த விடை.

யாருடைய ஒலி?

1991-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அனுமதியின்றி முந்தைய பாடலின் துணுக்கைப் பயன்படுத்திய ராப் கலைஞர் பிஸ் மார்க்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2005-இல் பிரிட்ஜ்போர்ட் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, ஒலிப்பதிவின் சிறு துணுக்குக்கும் உரிமம் தேவை என்ற நிலைக்குச் சென்றது. ஐரோப்பாவில் க்ராஃப்ட்வெர்க் குழுவின் ஏறத்தாழ இரண்டு நொடித் தாளத் துணுக்கு 1997-இல் வெளிவந்த ஒரு பாடலில் இடம்பெற்றதை ஒட்டிய வழக்கு, 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. கேட்போர் அடையாளம் காணாதவாறு மாற்றப்பட்ட துணுக்கு உரிமையை மீறுவதாகாது என்ற வேறுபாட்டை அந்நீதிமன்றம் வகுத்தது. மெல்லட்ரான் நாளில் ஊதியவரின் உழைப்பு பற்றி எழுந்த கேள்வி, இங்கே பதிவின் உடைமையாளர் பற்றிய கேள்வியாக மாறிவிட்டதைக் கவனிக்கலாம். வழக்குகளில் வென்றோரும் தோற்றோரும் பெரும்பாலும் உரிமையாளர்கள். அந்தத் தாளத்தை அன்று அடித்த கை, பல வழக்குகளில் வழக்கின் தரப்பே அன்று.

முதல் வேலை

பழைய சாம்ப்ளரோடு பெரும்பாலும் ஒரு பெட்டி வட்டுகளும் வரும். சிலவற்றில் நிறுவனம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு; சிலவற்றில் முன்னவர் கைப்பட எழுதிய பெயர்; சிலவற்றில் எழுதி அடித்த பெயர். புதிய உரிமையாளருக்கு அவை காலி வட்டுகளாகத் தோன்றும். புதிய வட்டு கிடைப்பது அரிதாகையால் அவற்றை அழித்து மீண்டும் பயன்படுத்தும் ஆவலும் எழும்.

ஆனால் அவ்வட்டுகளுள் எது எதைத் தாங்கியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல இயலாது. நிறுவனத்தின் ஒலித்தொகுப்பு பலரிடம் படியாக இருக்கக்கூடும். கைப்பட எழுதிய வட்டோ உலகில் அது ஒன்றேயாக இருக்கக்கூடும். ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் ஒரு சுரமோ, இன்று வாசிப்பார் அற்றுப்போன ஒரு வாத்தியமோ, ஒரு தாய் தன் பிள்ளையை அழைத்த அழைப்போ அதில் இருக்கலாம். இந்நிறுவனங்கள் தத்தம் சொந்த அமைப்பில் வட்டை எழுதியமையால், சாதாரணக் கணினி அதைப் படிக்காது. காந்தப் பூச்சோ ஆண்டுதோறும் தேய்கிறது. ஓலைச்சுவடியை எழுத்தறிந்தவர் படிக்கலாம். இவ்வட்டை அதற்குரிய கருவியோ, அதன் அமைப்பைப் பயின்றவர்கள் எழுதிய நிரலோதான் படிக்கும். என்சோனிக் 1998-இல் கிரியேட்டிவ் நிறுவனத்தின் வசமாகித் தன் தனி வாழ்வை முடித்துக்கொண்டது. கருவிகளையும் வட்டு அமைப்புகளையும் இன்றுவரை காத்துவருவோர் பெரும்பாலும் அவற்றைப் பயன்படுத்துவோரே.

ஆகவே கைமாறிய சாம்ப்ளரை வாங்குவோரின் முதல் வேலை இதுவே: எதையும் பதிவுசெய்யுமுன், எந்த வட்டையும் அழிக்குமுன், ஒவ்வொன்றையும் ஒருமுறை ஏற்றிக் கேட்டு, வட்டு முழுவதையும் படியெடுத்து, ஒட்டுச்சீட்டில் உள்ளதை உள்ளவாறே எழுதி வைத்தல். தனிப்பட்டவரின் குரல் இருப்பின் விற்றவரிடம் கேட்டுத் திருப்பித் தருதல். ஒரு பெட்டிக்கு ஓரிரு நாள் ஆகும். இசை அதற்குப் பிறகு தொடங்கலாம். உவேசா காலத்துப் பரண்களைப் பற்றி வருந்தும் ஆய்வுலகம், இந்தப் பெட்டிகளையும் பரணாகக் காணத் தொடங்குவது நலம். அடுப்பில் போன ஏடுகளைப் பற்றி அறிய நூற்றாண்டு ஆயிற்று. இந்த வட்டுகளுக்கு அவ்வளவு காலம் கிடையாது.